யாழ்ப்பாணத்திலிருந்து அட்சரகணிதக் கேத்திரகணித ஆய்வுக்கு: எதை, எந்த ஒழுங்கில், எங்கே படிப்பது

உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்தவர்களுக்கு இந்தக் கணக்கு நல்ல பழக்கம். இரண்டு வட்டங்கள் தரப்படும். அவை வெட்டும் புள்ளிகளூடாகவும் வேறொரு புள்ளியூடாகவும் போகும் வட்டத்தைக் காணவேண்டும். வெட்டுப்புள்ளிகளைக் கண்டுபிடிக்க யாரும் மினக்கெடுவதில்லை. ‘எஸ் பிளஸ் லம்டா எஸ் டாஷ் சமன் பூச்சியம்’ என்று எழுதி, மூன்றாவது புள்ளியைப் பிரதியிட்டு, லம்டாவை எடுத்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்கள்.

அந்த வரியில் கொஞ்சம் நின்று பாருங்கள். லம்டா ஏன் மாறிலியாக மட்டும் இருக்கவேண்டும்? இரண்டு சமன்பாடுகளையும் நாம் விரும்பிய பல்லுறுப்பிகளால் பெருக்கிக் கூட்டலாம். அப்படி வரும் எல்லாமே வெட்டுப்புள்ளிகளில் பூச்சியமாகும். அந்தத் தொகுதிக்குத்தான் ஐடியல் என்று பெயர். இனி மறுபக்கமாகக் கேட்போம்: வெட்டுப்புள்ளிகளில் பூச்சியமாகும் ஒரு பல்லுறுப்பி கட்டாயம் அந்த ஐடியலுக்குள் இருக்குமா? வட்டங்கள் வெவ்வேறான இரண்டு புள்ளிகளில் வெட்டினால் இருக்கும். ஒன்றையொன்று தொட்டால் இருக்காது. தொடுபுள்ளியூடாகப் போகும் நேர்கோடுகளில் பொதுத் தொடலி மட்டுமே உள்ளே வரும். மற்றக் கோடுகள் வராது, ஆனால் அவற்றின் வர்க்கம் வரும். சிக்கலெண்களின் மேல் எத்தனை மாறிகள் இருந்தாலும் இப்படி ஏதோ ஒரு அடுக்கு உள்ளே வந்தே தீரும் என்பதை ஹில்பேட் 1893 இல் நிறுவினார். பல்லுறுப்பிகளைப்போல ஒன்றோடொன்று கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் கூடிய தொகுதியை வளையம் என்பார்கள். வளையத்துக்குள் நடக்கும் அலுவலைப் படிப்பது பரிமாற்று அட்சரகணிதம். வட்டம், வளையி, மேற்பரப்பு என்று வெளியில் தெரிவதைப் படிப்பது அட்சரகணிதக் கேத்திரகணிதம். தமிழ்நாட்டார் இயற்கணிதம், வடிவியல் என்பார்கள். இரண்டும் ஒரே வீட்டின் முன்வாசலும் பின்வாசலும்.

இன்னொரு சின்னக் கேள்வி. இரண்டாம் படி வளையிகள் இரண்டு 2 × 2 = 4 புள்ளிகளில் வெட்டவேண்டும் என்கிறது பெசூவின் தேற்றம். வட்டங்கள் ஏன் இரண்டில் மட்டும் வெட்டுகின்றன? மற்ற இரண்டும் முடிவிலியில், சிக்கலெண் ஆள்கூறுகளோடு இருக்கின்றன; உலகத்தில் உள்ள எல்லா வட்டங்களும் அந்த இரண்டு புள்ளிகளூடாகவும் போகின்றன. இதை வாசித்ததும் கொப்பியை எடுத்துச் சரிபார்க்கக் கை துருதுருக்கிறதா? அப்படியானவர்களுக்குத்தான் இனி வரும் விடயம்.

இலங்கையில் நல்ல கணிதச் சிறப்புப் பட்டம் ஒன்று முடிகிற இடத்துக்கும், இந்தத் துறையில் கலாநிதிப் பட்ட ஆய்வு தொடங்குகிற இடத்துக்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு வருட வாசிப்பு இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உள்ள குறையல்ல இது. பல நாடுகளில் இதே கதைதான். அந்த இரண்டு வருடத்தை எங்கே, யாரோடு அடைப்பது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் பிழை விடுகிறார்கள்.

பட்டப்படிப்புக் காலம்

மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு நின்றால் வெளிநாட்டு முதுமாணி அனுமதி சிக்கலாகும். நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாகும் அளவுக்கு முதல் இரண்டு வருடப் பெறுபேறுகளை வைத்திருங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகமோ, பேராதனையோ, கொழும்போ, எங்கே படித்தாலும் நீங்கள் கட்டாயம் கையில் வைத்திருக்க வேண்டியவை இவை: ஏகபரிமாண அட்சரகணிதம் (தாயங்களோடு நிற்காமல் பிரிவு வெளி, இருமை வெளி வரை), கூட்டக் கொள்கை, வளையக் கொள்கை, புலங்களும் கலுவா கொள்கையும், இடத்தியல், சிக்கலெண் பகுப்பு. இவற்றில் ஏதாவது உங்கள் பாடத்திட்டத்தில் இல்லாவிட்டால் விடுமுறையில் தனியாகப் படியுங்கள். கலுவா கொள்கை பிந்தினாலும் சமாளிக்கலாம். பிரிவு வளையம் (ஒரு ஐடியலில் உள்ளதையெல்லாம் பூச்சியம் என்று எடுத்தால் வரும் வளையம்) விளங்காமல் ஓரடியும் வைக்க ஏலாது.

முதலாம் வருடத்தில் அடிபடுவது பெரும்பாலும் பழக்கத்தால். ரியூட்டரியில் பத்து வருடக் கடந்தகால வினாத்தாளைப் புள்ளித்திட்டத்தோடு செய்து பழகிய கைக்கு, வினா வகையை அடையாளம் கண்டவுடன் வழி வந்துவிடும். வளையக் கொள்கையில் வினா வகை என்று ஒன்றும் இல்லை. வரைவிலக்கணம்தான் இருக்கிறது. அதற்கு ஒரு கொப்பியை ஒதுக்குங்கள். ஒவ்வொரு வரைவிலக்கணத்துக்கும் மூன்று உதாரணம், அதற்குள் அடங்காத இரண்டு உதாரணம், ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டால் எது உடைகிறது என்று ஒரு வரி. முதன்மை ஐடியல் என்றால், முழுவெண் வளையத்திலிருந்து ஒன்று, இரண்டு மாறிப் பல்லுறுப்பி வளையத்திலிருந்து ஒன்று, முதன்மையாக இருந்தும் உயர் ஐடியலாக (முழு வளையத்தைத் தவிர வேறு எந்தப் பெரிய ஐடியலுக்குள்ளும் அடங்காததாக) இல்லாதது ஒன்று. ஒரு பருவத்தில் 60, 70 பக்கம் நிரம்பும். நான்காம் வருடச் செயற்றிட்டம் வரும்போது அந்தக் கொப்பியே பெரிய சொத்து.

தமிழில் படித்து வந்து விரிவுரை ஆங்கிலத்தில் கேட்கிறபோது வரும் தடுமாற்றத்துக்கு ஒரு வருடம் கொடுங்கள், அதற்குமேல் வேண்டாம். நிறுவலை முதலில் தமிழில் யாருக்காவது வாயால் சொல்லிப் பார்த்துவிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள். தமிழில் சொல்ல முடியாத நிறுவல் விளங்காத நிறுவல்தான். மொழியைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டு வருட வாசிப்பு

முதல் புத்தகமாக அற்றியா, மக்டொனால்ட் இருவரும் எழுதி 1969 இல் வந்த பரிமாற்று அட்சரகணித அறிமுகத்தை வையுங்கள். 11 அத்தியாயம், 130 பக்கத்துக்குள் முடிந்துவிடும். மெல்லிசு என்று ஏமாறவேண்டாம். விடயத்தில் பாதி பயிற்சிகளுக்குள் ஒளிந்திருக்கிறது. வாரம் 6 மணித்தியாலம் ஒதுக்கினால் எட்டிலிருந்து பத்து மாதம் எடுக்கும். மூன்று மாதத்தில் முடித்தேன் என்பவர் பயிற்சி செய்யவில்லை.

ஒழுங்கை மாற்றிப் படிப்பது நல்லது. 1, 2, 3 ஆம் அத்தியாயங்களை அப்படியே படியுங்கள். பிறகு 6, 7 (சங்கிலி நிபந்தனைகளும் நொய்தர் வளையங்களும்), அதன்பின் 5, 8, 9, கடைசியில் 10, 11. நான்காம் அத்தியாயமான முதன்மைக்கூறு பிரிப்பைப் படிக்கப் பலர் பொறுமையிழந்து புத்தகத்தையே மூடிவிடுகிறார்கள். அதைப் பிறகு, எமி நொய்தர் 1921 இல் காட்டியபடி நொய்தர் வளையத்துக்கு மட்டும் படித்தால் போதும். தாண்டக்கூடாத ஒன்று உண்டு: முதலாம் அத்தியாயப் பயிற்சிகள் 15 தொடக்கம் 28 வரை. முதன்மை ஐடியல்களையே புள்ளிகளாக எடுத்து ஒரு இடத்தியல் வெளி கட்டுவது அங்கேதான் வருகிறது. பின்னால் ஸ்கீம் என்று கேள்விப்படும்போது கை நடுங்காமல் இருப்பது இந்தப் பதினான்கு பயிற்சிகளால்.

இதனோடு சமாந்தரமாக வளையிகளைப் படியுங்கள். ஃபுல்ரனின் அட்சரகணித வளையிகள் நூலை அவரே இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறார். இறக்கி அச்செடுத்துக் கொள்ளலாம். பெசூவின் தேற்றத்தையும் ரீமான்–ரொக் தேற்றத்தையும் வெறும் வளையக் கொள்கையோடு அது நிறுவிக் காட்டும். ஒரு வருடம் கழித்து ஹார்ட்ஷோனின் 1977 ஆம் ஆண்டுப் புத்தகம். அதில் முதலாம் அத்தியாயத்தைத் தனியாகப் படிக்கலாம். இரண்டும் மூன்றும் (ஸ்கீம்களும் கோஹோமோலொஜியும்) தனியாகப் படிக்க ஆகாது. நேரே இரண்டாம் அத்தியாயத்தில் தொடங்கியவர்கள் ஆறு மாதத்தில் சொற்களை எல்லாம் கற்றுக்கொள்வார்கள். ஒரு வளையியைக் கொடுத்து இதன் ஜீனஸ் (சிக்கலெண்களின் மேல் அதை மேற்பரப்பாகப் பார்த்தால் உள்ள துளைகளின் எண்ணிக்கை) என்ன என்றால் முழிப்பார்கள். நேர்முகத்தில் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

கூட்டாளி ஒருவர் வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு மணித்தியாலம், ஒரு கரும்பலகை. ஒருவர் குறிப்பைப் பார்க்காமல் நிறுவலைச் சொல்லவேண்டும், மற்றவர் ‘ஏன்?’ என்று மட்டும் கேட்கலாம். உதவி செய்யக்கூடாது. ஊரில் ஆள் இல்லாவிட்டால் பேராதனையிலோ சென்னையிலோ உள்ள ஒருவரோடு சூமில் செய்யுங்கள். ஆனால் தொலைபேசிக் கமராவை எழுதும் தாளுக்கு மேலே திருப்பி வையுங்கள். முகத்தைப் பார்த்துக் கதைத்தால் கணக்கு நடவாது.

ஒரு உதாரணத்தைக் கையால் செய்து பார்ப்பது

புத்தகம் எத்தனை படித்தாலும், இரண்டு வளையிகளை முழுவதும் கையால் செய்து முடித்தவருக்கு வரும் தெளிவு வேறு. மாறிகள் நான்கை அ, ஆ, இ, ஈ என்று வைப்போம்.

முதல் வளையி: அ = 1, ஆ = த, இ = த², ஈ = த³. முறுக்கிய மூன்றாம் படி வளையி என்பார்கள். இதில் பூச்சியமாகும் இரண்டாம் படிச் சமன்பாடுகள் மூன்று:

க = அ·இ − ஆ²
ச = அ·ஈ − ஆ·இ
ட = ஆ·ஈ − இ²

மேல் வரிசையில் அ, ஆ, இ, கீழ் வரிசையில் ஆ, இ, ஈ என்று ஒரு தாயம் எழுதினால் இவை மூன்றும் அதன் இரண்டுக்கு இரண்டு துணிகோவைகள். வெளியில் வளையி ஒரு பரிமாணம்; நான்கு மாறிகளின் விகிதம் மட்டுமே கணக்கு என்பதால் இடம் மூன்று பரிமாணம். ஆகவே இரண்டு சமன்பாடு போதும் என்றுதான் முதலில் தோன்றும். க, ச இரண்டையும் மட்டும் எடுத்துப் பாருங்கள். அ = ஆ = 0 என்ற முழு நேர்கோட்டிலும் இரண்டும் பூச்சியம். படி 2 × 2 = 4; வளையிக்கு 3, மிஞ்சிய 1 இந்தக் கோட்டுக்கு. அதனால்தான் மூன்றாவது சமன்பாடு தேவைப்படுகிறது.

மூன்று சமன்பாடுகளும் ஒன்றையொன்று சாராதவை அல்ல. தாயத்தின் மேல் வரிசையை இன்னொருமுறை மேலே எழுதி மூன்றுக்கு மூன்றாக்கினால் துணிகோவை பூச்சியம்; அதை விரித்தால் அ·ட − ஆ·ச + இ·க = 0. கீழ் வரிசையை அப்படிச் செய்தால் ஆ·ட − இ·ச + ஈ·க = 0. சமன்பாடுகளுக்கிடையிலான இந்த உறவுகளுக்குச் சிசிஜி என்று பெயர். வேறு எந்த உறவும் இந்த இரண்டிலிருந்தே வரும். ஆக எண்ணிக்கை 1 (வளையம்), 3 (சமன்பாடுகள்), 2 (உறவுகள்). இவைதான் பெற்றி எண்கள். மாறி மாறிக் கழித்துக் கூட்டினால் 1 − 3 + 2 = 0. எப்போதும் பூச்சியம்தான் வரவேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு சிசிஜியை விட்டுவிட்டீர்கள்.

இரண்டாவது வளையி நான்காம் படி: அ = ப⁴, ஆ = ப³த, இ = பத³, ஈ = த⁴. நடுவில் இருக்கவேண்டிய ப²த² இல்லை. சமன்பாடுகள் நான்கு: அ·ஈ − ஆ·இ, ஆ³ − அ²·இ, இ³ − ஆ·ஈ², அ·இ² − ஆ²·ஈ. பெற்றி எண்கள் 1, 4, 4, 1. உறவுகளுக்கிடையிலேயே ஒரு உறவு வந்து, முன்னையதைவிட ஒரு படி நீண்டுவிட்டது. காரணம் அந்த விடுபட்ட உறுப்பு. ப²த² நம் வளையத்தில் இல்லை. ஆனால் அதை அ ஆல் பெருக்கினால் ஆ², ஆ ஆல் பெருக்கினால் அ·இ, இ ஆல் பெருக்கினால் ஆ·ஈ, ஈ ஆல் பெருக்கினால் இ². நான்கும் வளையத்துக்குள் வந்துவிடுகின்றன. வளையத்தில் இப்படி ஒரு ஓட்டை இருப்பதால்தான் அது கோஹன்–மெக்காலே வளையமாக (உறவுகளின் வரிசை தேவைக்குமேல் நீளாத வளையமாக) இல்லை. இந்த நான்கு பெருக்கலையும் ஒருமுறை கையால் செய்தவருக்கு இப்படியான ஓட்டைகளை அளக்கும் உள்ளூர் கோஹோமோலொஜி என்ற சொல் பிறகு பயம் தராது.

ஆய்வு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதையும் இங்கேயே காணலாம். முதல் வளையியை, புள்ளிகளின் தொகுதியாக மட்டும் பார்த்தால், இரண்டே மேற்பரப்புகளால் வெட்டி எடுக்கலாம்: க = 0 உடன் 2ஆ·இ·ஈ − அ·ஈ² − இ³ = 0. அ = 1 என்று வைத்து இ = ஆ² ஐப் பிரதியிடுங்கள்; இரண்டாவது −(ஈ − ஆ³)² ஆகிவிடும். உயர்தரப் பிள்ளையும் சரிபார்க்கலாம். நான்காம் படி வளையியை இதேபோல இரண்டு மேற்பரப்புகளால் பெறலாமா? 1 ஐ மீண்டும் மீண்டும் கூட்டினால் பூச்சியம் வருகிற புலங்களில், அதாவது சிறப்பெண் ஒரு முதன்மை எண்ணாக உள்ள இடங்களில், முடியும் என்று ஹார்ட்ஷோன் 1979 இல் காட்டினார். சாதாரணச் சிக்கலெண்களின் மேல் இது இன்னமும் விடை தெரியாத கேள்வி.

கணினியைப் பாவிப்பது

கையால் செய்தபின் கணினியிடம் கேளுங்கள். மெக்காலே 2, சிங்குலர் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம். சாதாரண மடிக்கணினி போதும். வளையம், ஐடியல், ரெசொலூசன் (சமன்பாடுகள், சிசிஜிகளின் முழு வரிசை), பெற்றி அட்டவணை என்று நான்கு வரியில் மேலே உள்ள 1, 4, 4, 1 வந்துவிடும். பிரச்சினை பெரிய உதாரணத்தில்தான் வரும். இரவு ஓடவிட்டுக் காலையில் பார்த்தால் நினைவகம் நிரம்பித் திரை உறைந்துபோய்க் கிடக்கும். வழமையான காரணங்கள் இரண்டு. ஒன்று, விகிதமுறு எண்களின் மேல் ஓடவிடுவது: இடைவழியில் குணகங்கள் நூற்றுக்கணக்கான இலக்கங்களுக்கு வீங்கிவிடும். முதலில் 32003 என்ற முதன்மை எண்ணின் மேல் முடிவுள்ள புலத்தில் ஓடவிடுங்கள். இரண்டாவது, பல்லுறுப்பியின் உறுப்புகளை வரிசைப்படுத்த அகராதி ஒழுங்கைத் தெரிவது: மாறிகளை நீக்கவேண்டிய தேவை இல்லாவிட்டால் படியை முன்வைக்கும் தலைகீழ் அகராதி ஒழுங்கே வேகம்.

முடிவுள்ள புலத்தில் வந்த விடையை அப்படியே சிக்கலெண்ணுக்கு எழுதிவிடாதீர்கள். இரண்டு, மூன்று வெவ்வேறு முதன்மை எண்களில் ஓடவிட்டு ஒப்பிடவேண்டும். 6 உச்சிகளில் முக்கோணப்படுத்திய வீழ்ப்புத் தளத்திலிருந்து வரும் ஒற்றையுறுப்பு ஐடியலுக்குச் சிறப்பெண் 2 இல் ஒரு விடை, மற்ற இடங்களில் வேறு விடை என்று ரைஸ்னர் 1976 இல் காட்டியதை மனதில் வையுங்கள். பத்தே பத்து ஒற்றையுறுப்புகள், குணகமே இல்லை, அப்படியிருந்தும் விடை மாறுகிறது.

எங்கே போவது

பட்டம் முடிந்ததும் தற்காலிக உதவி விரிவுரையாளர் வேலை கிடைத்தால் ஒரு வருடம் செய்யுங்கள். விண்ணப்பக் கட்டணங்களுக்குக் காசு சேரும். வகுப்பு எடுப்பதால் அடிப்படையும் உறுதியாகும். இரண்டாம், மூன்றாம் வருடத்துக்கு நீண்டால் வாசிப்பு நின்றுவிடும். வாரத்தில் மூன்று காலைப்பொழுதைத் திறக்காத கதவாக வைத்திருக்கத் தெரியாவிட்டால் இந்த வேலை ஆளை விழுங்கிவிடும்.

மேற்கொண்டு படிக்கும் இடங்களில், யாழ்ப்பாணப் பட்டதாரிக்கு முதலில் பார்க்கவேண்டியது இத்தாலியின் டிரியெஸ்ட் நகரிலுள்ள கோட்பாட்டு இயற்பியலுக்கான அனைத்துலக மையம் நடத்தும் கணிதப் பட்டப்பின் டிப்ளோமா. அப்துஸ் சலாம் 1964 இல் தொடங்கிய இந்த மையம் வளர்முக நாட்டு மாணவர்களை நினைத்தே கட்டப்பட்டது. ஒரு வருடம், கட்டணம் இல்லை, வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகை உண்டு. நாம் சொன்ன இடைவெளியை அடைப்பதே அதன் நோக்கம். 1990களில் அங்கே கணிதப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் எம். எஸ். நரசிம்மன், தமிழ்நாட்டுக்காரர், அட்சரகணிதக் கேத்திரகணிதத்தில் நரசிம்மன்–செசாத்திரி தேற்றம் (1965) அவரும் சி. எஸ். செசாத்திரியும் சேர்ந்து நிறுவியது.

அடுத்தது சென்னை. செசாத்திரி 1989 இல் தொடக்கிவைத்த நிறுவனம்தான் இன்று சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகம். இரண்டு வருட முதுமாணி. அனுமதிக்கு எழுத்துப் பரீட்சை. இந்தத் துறையில் அங்குள்ள அளவு ஆட்கள் தெற்காசியாவில் சில இடங்களில்தான் உண்டு. தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனமும் பக்கத்தில். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகமும் உண்டு. மற்ற நாடுகளுக்கு விசா அலுவல் என்றால் பெரும்பாலும் கொழும்புக்கு இரவு பஸ் ஏறவேண்டும், ஒருமுறையோடும் முடியாது. வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்தையும் உதவித்தொகையையும் மட்டும் முதலிலேயே எழுதிக் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

ஐரோப்பாவில் ஆல்கண்ட் என்ற கூட்டு முதுமாணி அட்சரகணிதம், கேத்திரகணிதம், எண் கொள்கை மூன்றுக்கும் மட்டுமானது. இரண்டு வருடத்தை இரண்டு பல்கலைக்கழகங்களில் பிரித்துப் படிப்பீர்கள். அமெரிக்காவில் முதுமாணி இல்லாமலே கலாநிதிப் படிப்பில் சேரலாம். ஐந்து, ஆறு வருடம்; முதல் இரண்டு வருடமும் பாடங்களும் தகுதிப் பரீட்சையும் என்பதால் இடைவெளியை அங்கேயே அடைக்கலாம். சம்பளத்துக்குப் பதிலாக வகுப்பு எடுக்கவேண்டும். விண்ணப்ப முடிவுத் திகதிகள் பெரும்பாலும் டிசம்பரில். பிரித்தானியாவுக்கு நேரடியாகப் போவதை நாம் சொல்லமாட்டோம்: மூன்று, நான்கு வருடம்தான், முதல் நாளிலிருந்தே ஆய்வு. இடைவெளியோடு போனவர் முதல் வருட முடிவில் மூச்சுத் திணறுவார்.

பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். ‘ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, எல்லோரோடும் நன்றாகப் பழகுவார்’ என்ற கடிதத்தை வெளிநாட்டுத் தெரிவுக் குழு ஒரு நிமிடத்தில் ஒதுக்கிவிடும். எழுதுபவருக்கு நீங்களே ஒரு பக்கக் குறிப்புக் கொடுங்கள்: அவரிடம் எந்தத் தேற்றத்தைப் படித்தீர்கள், எந்த நிறுவலில் எந்த ஓட்டையைக் கண்டீர்கள், செயற்றிட்டத்தில் நீங்களாகச் செய்த உதாரணம் எது. முன்னர் வெளிநாடு போய்த் தேறிய மாணவரோடு உங்களை ஒப்பிட்டு ஒரு வரி எழுதமுடியுமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்; அந்த ஒரு வரிக்குத்தான் எடை அதிகம். முடிவுத் திகதிக்கு ஆறு வாரம் முன்னரே கேட்கவேண்டும். உங்கள் சுயவிளக்கக் கடிதத்தைச் ‘சிறு வயதிலிருந்தே கணிதத்தில் ஆர்வம்’ என்று தொடங்கவேண்டாம். மேலே செய்த நான்காம் படி வளையி போன்ற ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வியைத் தெரிவது

பெரிய கேள்வியைச் சின்னதாக வெட்டத் தெரிவதே கலாநிதிப் பட்டத்தின் பாதி. ஸெர் 1955 இல் ஒன்றைக் கேட்டார்: பல்லுறுப்பி வளையத்தின் மேல் உள்ள புரொஜெக்ரிவ் மொடியூல் எல்லாம் சுயாதீன மொடியூல்தானா? (மொடியூல் என்பது வளையத்தின் மேல் கட்டிய திசையன் வெளி போன்றது; அடி உள்ளது சுயாதீனம், அப்படியான ஒன்றின் நேர்க்கூட்டல் துண்டு புரொஜெக்ரிவ்.) செசாத்திரி அதை இரண்டு மாறிகளுக்கு மட்டும் எடுத்து 1958 இல் ஆம் என்று நிறுவினார். முழுக் கேள்வியும் 1976 இல்தான், குயிலனும் சுஸ்லினும் தனித்தனியாகச் செய்ய, முடிந்தது. இடையில் இருந்த 18 வருடமும் இப்படி வெட்டப்பட்ட துண்டுகளால் ஆனது.

தொடக்கக்காரருக்குப் பரிமாற்று அட்சரகணிதப் பக்கம், அதிலும் ஒற்றையுறுப்பு ஐடியல்கள், கிட்ட இருக்கும் வாசல். உச்சிகளும் விளிம்புகளும் கொண்ட ஒரு வரைபடத்தில் உச்சிக்கு ஒரு மாறி வைத்து, ஒவ்வொரு விளிம்புக்கும் அதன் இரண்டு உச்சிகளின் பெருக்கத்தை எழுதினால் ஒரு ஐடியல் வரும். அதன் ரெசொலூசன் நேரியதாக இருப்பதற்கு நிரப்பி வரைபடத்தில் நான்கோ அதற்கு மேலோ உச்சிகளுள்ள நாண் இல்லாத சுற்று இருக்கக்கூடாது என்று ஃபுரோபேர்க் 1990 இல் நிறுவினார். சேர்மானக் கணிதம் பிடித்தவருக்கு இது அருமையான இடம். ஆனால் ‘இன்ன வகை வரைபடத்துக்கு இன்ன எண்’ என்ற கட்டுரைகள் மலிந்துவிட்டன. அப்படி ஒன்று எழுதிப் பழகலாம். ஐந்து எழுதினால் அதிலேயே மாட்டிக்கொள்வீர்கள். ஜக்கோபியன் அனுமானத்தை மாத்திரம் தொடவேண்டாம். ஒரு பல்லுறுப்பி உருமாற்றத்தின் வகையீட்டுத் துணிகோவை பூச்சியமல்லாத மாறிலியானால் அதற்குப் பல்லுறுப்பி நேர்மாறு உண்டா என்று 1939 இல் கெல்லர் கேட்ட அந்தக் கேள்வி பார்க்க உயர்தரக் கணக்குப் போலவே இருக்கும். அதற்கு வந்த பிழையான நிறுவல்களின் வரிசை நீளம், எழுதியவர்கள் சாதாரண ஆட்களும் அல்லர்.

அனுமானம் என்றால் உண்மையாகத்தான் இருக்கும் என்றும் நம்பவேண்டாம். ஐசன்பட், கோட்டோ இருவரும் 1984 இல் வைத்த, சமன்பாடுகள், சிசிஜிகளின் படி எவ்வளவு உயரலாம் என்பதற்கு எல்லை சொல்லும் ஒழுங்குத்தன்மை அனுமானத்தை 30 வருடத்துக்கு மேல் பலர் நிறுவப் பார்த்தார்கள். மக்குலோவும் பீவாவும் 2018 இல் எதிருதாரணம் கொடுத்தார்கள். ஆகவே நிறுவலுக்கு ஒரு நாள் செலவழித்தால் எதிருதாரணம் தேட ஒரு நாள் செலவழியுங்கள்.

ஊரிலிருந்து ஆய்வு செய்வது

திரும்பி வந்து தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்பவரும், படிப்பு விடுமுறைக்குப் பிணை கையெழுத்திட்டுப் போய் வருபவரும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள்: பக்கத்து அறையில் இந்தத் துறையில் கதைக்க ஆள் இல்லை. கட்டுரைகளைச் சஞ்சிகையில் வருமுன்பே இலவசமாக ஏற்றும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தின் அன்றாடப் பட்டியல் ஞாயிறு தொடக்கம் வியாழன் வரை அமெரிக்கக் கிழக்கு நேரம் இரவு 8 மணிக்கு வரும். எங்களுக்கு அடுத்த நாள் காலை 5.30, அங்கே குளிர்காலமானால் 6.30. தேத்தண்ணியோடு பரிமாற்று அட்சரகணிதப் பட்டியலை முழுக்கவும், கேத்திரகணிதப் பட்டியலில் தலைப்புகளை மட்டும் பாருங்கள். 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பழைய கட்டுரைகளைத் தேட 2021 இலிருந்து இலவசமாகிய சென்ட்ரல்பிளாட் தரவுத்தளம் (zbMATH Open) இருக்கிறது. சந்தா கட்டாத நூலகத்துக்கு அது போதும். பாடப்பிரிவு இலக்கம் 13 பரிமாற்று அட்சரகணிதம், 14 அட்சரகணிதக் கேத்திரகணிதம்.

கட்டுரை அனுப்புமுன் இரண்டு விடயம். கணிதத்தில் ஆசிரியர் பெயர்கள் அகரவரிசையில் வரும். முதல் பெயர் என்பதற்கு விசேட அர்த்தம் இல்லை. பதவியுயர்வுக் குழுவில் மருத்துவமும் விவசாயமும் படித்தவர்கள் இருந்தால் ‘நீர் ஏன் மூன்றாவது ஆசிரியர்?’ என்று கேட்பார்கள். விண்ணப்பத்தோடேயே இந்த வழக்கத்தை விளக்கி ஒரு பந்தி இணைத்துவிடுங்கள். மற்றது, பத்து நாளில் ஏற்றுக்கொண்டோம், காசு கட்டுங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பும் சஞ்சிகைகள். நல்ல அட்சரகணிதச் சஞ்சிகையில் நடுவர் அறிக்கைக்கு ஆறு மாதம் காத்திருப்பது சாதாரணம், ஒரு வருடமும் ஆகலாம். நிறுவலை வரிவரியாகப் பத்து நாளில் யாரும் சரிபார்க்க ஏலாது.

ஆர்க்கைவில் முதன்முறை ஏற்றுபவருக்கு ஏற்கெனவே அங்கே எழுதும் ஒருவரின் ஒப்புதல் தேவைப்படலாம். முன்பின் தெரியாதவரிடம் அதை மொட்டையாகக் கேட்டால் பதில் வராது. அவருடைய கட்டுரையில் ஒரு துணைத்தேற்றத்தை எடுத்து, அதன் நிபந்தனை ஒன்றைத் தளர்த்தினால் என்ன நடக்கிறது என்று நான்கு மாறிக்குள் ஒரு உதாரணம் செய்து, பெற்றி அட்டவணையோடு அரைப் பக்கத்தில் அனுப்புங்கள். கேள்வி ஒன்றே ஒன்று இருக்கட்டும். ஒப்புதலை, அதற்கு அவர் பதில் எழுதியபிறகு, இரண்டாவது மின்னஞ்சலில் கேட்கலாம்.